இரண்டரை ஆம்பியர்

இது நடந்தது. எனக்கு நடக்கவில்லை, என் அக்கா கணவருக்கு நடந்தது. அதனால்தான் நம்புகிறேன். எனக்கே நடந்திருந்தால் ஏதோ பிரமை என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

மாமாவைத் தெரிந்தவர்கள் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கதை வரும் என்று கனவிலும் நினைக்க மாட்டார்கள். கடவுளையே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுகிற ஆள் அவர். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "எத்தனை வோல்ட்டு?" என்று கேட்டு வாயை அடைப்பார். அப்பேர்ப்பட்டவர் இதை என்னிடம் சொன்னபோது ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, பாழடைந்த பங்களா, தூரத்தில் நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் நடந்தது.

மாமாவுக்குத் தொழில் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர். நாற்பது வருஷத்துக்கு முந்தி வீட்டு டி.வி.யில் மாட்டி விளையாடினார்களே, அந்த வகை. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். ஆட்டத்தை கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். அணைத்தால் போச்சு, எல்லாம் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். சின்ன வயதில் அதை வைத்து விளையாடினவர்கள் இப்போது தலை நரைத்தபின் பரண்மேலிருந்து இறக்குகிறார்கள். இறக்கிவிட்டுச் சும்மா இருக்கிறார்களா? கூடுதல் மெமரி, கேசட்டுக்குப் பதில் கார்டு, வேகமான சிப் என்று கண்டதையும் உள்ளே திணிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பவர் சப்ளையோ பழைய லோடுக்கு அளந்து வைத்தது. புதுச் சுமையை ஏற்றினால் வோல்ட் இறங்கி, பெட்டி மயங்கி விழுந்து மறுபடி எழும். மாமாவிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்கு இந்த வியாதிதான்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதை ஒட்டிய அறையில் மாமாவின் அப்பா. நாங்கள் எல்லாரும் தாத்தா என்போம். நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருஷமாக மூக்கில் குழாயோடு இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயர ஆக்சிஜன் மெஷின். ராப்பகலாக உஸ்... டக்... உஸ்... டக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் தாத்தாவுக்குப் பத்து நிமிஷம் தாங்குவதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த மெஷினுக்கென்றே தனி இன்வெர்ட்டர். கரண்ட் போனால் பாட்டரியில் இரண்டு மணி நேரம் ஓட்டும். நடையில் இருக்கிற அதன் பிளக் பாயிண்டைச் சுற்றி அக்கா சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள்.

"இதுல வேற எதையாவது சொருகினீங்க, உங்களையும் உங்க பெட்டிங்களையும் சேர்த்து வெளிய வெச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கிழித்த கோட்டை மாமா தாண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய ஆள். தூங்கிப் பல நாள் ஆன கண். பெட்டியைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அணைஞ்சு அணைஞ்சு எழுந்துக்குது சார். மூணு பவர் சப்ளை மாத்தியாச்சு. எது போட்டாலும் தாங்க மாட்டேங்குது."

"எப்பலேருந்து?"

"ஆறு மாசமா."

"அப்ப உள்ள என்ன புதுசா சேர்த்தீங்க?"

"ஒண்ணும் சேக்கல. மெமரி, கார்டு, வேகமான சிப்பு எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போட்டது. நல்லாத்தான் இருந்துச்சு."

"எழுந்ததும் திரையில என்ன வருது?"

"நீங்களே பாருங்க சார்" என்றார். பிறகு, கேட்காமலேயே, "இது எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. நான் ஆறாவது படிக்கும்போது" என்றார்.

அப்போதுதான் அவர் காதில் உள்ளறைச் சத்தம் விழுந்தது. உஸ்... டக்.

"அது... என்ன சார் சத்தம்?"

"எங்க அப்பாவுக்கு ஆக்சிஜன் ஓடுது."

அந்த ஆளின் முகம் வெளுத்துவிட்டது என்றார் மாமா. போன் நம்பரை மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுவந்த குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். மாமா வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பவர். இவருக்கு 'ரீசெட்காரர்' என்று வைத்து, பெட்டியை அலமாரியில் ஏற்றினார்.

மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போனபின் பெட்டியைத் திறந்தார்.

முதல் வேலையாக அதன் பவர் சப்ளையைக் கழற்றித் தூரப் போட்டார். பட்டறையில் அவருடைய சொந்த சப்ளை ஒன்று இருக்கிறது. எத்தனை வோல்ட் கொடுக்கிறது, பெட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று இரண்டையும் எண்ணில் காட்டும். ஐந்து வோல்ட் வைத்தார். இந்த வகைப் பெட்டி தானாக ஒரு ஆம்பியர் இழுக்கும். உள்ளே திணித்ததையெல்லாம் சேர்த்தால் ஒன்றரை.

காட்டியது இரண்டரை.

எங்கோ ஷார்ட் என்று நினைத்தார். ஷார்ட் ஆன சிப் சுடும். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எதுவும் சுடவில்லை. போர்டு முழுக்க சில்லென்று இருந்தது. சரி, மெமரியைக் கழற்றினார். இரண்டரை. கார்டைக் கழற்றினார். இரண்டரை. வேகமான சிப்பைப் பிடுங்கிவிட்டுப் பழைய சிப்பைப் போட்டார். அப்போதும் இரண்டரை.

லோடை எடுக்க எடுக்க எண் இறங்க வேண்டும். இதில் ஏன் இறங்காது?

"இன்னும் யாருய்யா இழுக்கறது?" என்று பெட்டியைப் பார்த்து விளையாட்டாகத்தான் கேட்டார்.

எண் அசைந்தது.

2.3... 2.4... 2.5... ஒரு நொடி நின்றது. பிறகு 2.4... 2.3... மறுபடி ஏற ஆரம்பித்தது. ஷார்ட் ஆன பெட்டி இப்படி இழுக்காது. இழுத்தால் இழுத்தபடி நிற்கும், இல்லையென்றால் புகைந்துவிடும். தாத்தாவின் மெஷின் அதே வீட்டு லைனில் ஓடுகிறதே, அதன் மோட்டார் ஆட்டம்தான் இங்கே தெரிகிறது என்று மாமா முடிவு கட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். உஸ்... டக். அதன் கணக்கு வேறு. இதன் கணக்கு வேறு. இது இன்னும் மெதுவாக, கஷ்டப்பட்டு ஏறி இறங்கியது.

அப்புறம்தான் டி.வி.யைப் பார்த்தார்.

இந்தப் பெட்டியை உயிர்ப்பித்தால் வெறும் நீலத் திரையும் ஒரு கர்சரும்தான் வரும். ஆட்டத்தை நாம் ஏற்ற வேண்டும். மாமா எதையும் ஏற்றவில்லை. கார்டு மேஜைமேல் கழற்றிக் கிடக்கிறது. ஆனால் திரையில் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. ஏணியின் உச்சிக்கு ஒரு படி கீழே குட்டி மனிதன். மேலே கதவு. கடைசிக் கட்டம். இன்னும் ஒரே ஒரு படி.

சுவிட்சை அணைத்தார். ஒரு நிமிஷம் பொறுத்துப் போட்டார்.

அதே ஏணி. அதே படி.

மாமாவுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவனோ அரைகுறை மெக்கானிக் உள்ளே பாட்டரி ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறான் என்று போர்டைத் திருப்பித் திருப்பித் தேடினார். ஒன்றும் இல்லை. சனியன், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே போனார்.

தாத்தாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். தாத்தா இரண்டு வாய் வாங்கிவிட்டுக் கேட்டார்.

"யாருடா வந்திருக்கா?"

"யாரும் இல்லப்பா."

"மூச்சு வாங்குதே பாவம். உக்காரச் சொல்லு."

தாத்தாவுக்கு அவ்வப்போது நினைவு தடுமாறும். மாமா "சரிப்பா" என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டார். தாத்தா விடவில்லை. மூலையில் இருந்த நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போடும்வரை அடுத்த வாய் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். மாமா இழுத்துப் போட்டார்.

பட்டறைக்குத் திரும்பி சப்ளையைப் போட்டார். அதே ஏணி.

ரீசெட்காரருக்கு போன் செய்தார்.

"சார், இதுல ஏதோ ஆட்டம் நிக்குது. அணைச்சாலும் போகல. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"



"ஏணியா சார்?"

"ஆமா."

"அணைச்சிடாதீங்க..." என்றார். குரல் உடைந்திருந்தது. லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். எதைக் கழற்றினால் கோளாறு போகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியாயிற்று. மிச்சம் பெட்டிதான். பெட்டியிலிருந்தே ஒயரைப் பிடுங்கினார். இப்போது சப்ளையிலிருந்து வருகிற ஒயரின் முனை வெறும் மேஜைமேல் கிடக்கிறது. அதில் எதுவும் மாட்டவில்லை. ஆம்பியர் பூஜ்யம் காட்ட வேண்டும். வேறு வழியே இல்லை.

2.3... 2.4... 2.5...

வெறும் ஒயர். காற்றுக்குள் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

முனையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ஒயர் சுட்டால் ஒரு மாதிரி வாடை அடிக்கும். அந்த வாடை இல்லை. மருந்து வாடை அடித்தது என்றார் மாமா. நோயாளி படுத்த அறையில் அடிக்குமே, அது.

வெளியே மழை வலுத்தது. நேரம் 2:40.

கரண்ட் போனது.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டி.வி. அணைந்தது. சப்ளையின் எண்கள் மறைந்தன. நடையில் இன்வெர்ட்டர் ஒரு தடவை 'பீப்' என்று கத்தி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. உள்ளே தாத்தாவின் மெஷின் நிற்காமல் ஓடியது. உஸ்... டக். மாமா நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு மேஜையைப் பார்த்தார்.

பெட்டியின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. பவர் வந்தால் எரியும். வீட்டில் கரண்ட் இல்லை. பெட்டியில் ஒயரே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லேசாக மங்கி... லேசாகக் கூடி... மறுபடி மங்கி...

நடையில் இன்வெர்ட்டர் கத்தியது. பீப். பீப். லோடு அதிகமானால் கத்துகிற கத்தல் அது. மாமா ஓடிப்போய்ப் பார்த்தார். சிவப்பு டேப்புக்குள் ஒரே ஒரு பிளக். தாத்தாவின் மெஷின் மட்டும். ஆனால் இன்வெர்ட்டரின் முகப்பில் லோடு காட்டுகிற கட்டங்கள் எல்லாம் நிரம்பி எரிந்தன. பாட்டரிக் கட்டங்கள் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய பாட்டரி.

பீப். பீப். பீப்.

உள்ளறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. தாத்தாவின் குரல்.

"மெதுவா... மெதுவா இழுங்க... அவசரம் ஒண்ணும் இல்ல..."

மாமா கதவைத் தள்ளினார்.

தாத்தா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கில் குழாய் இல்லை. அதைக் கழற்றிக் கையில் பிடித்து, நாற்காலிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் நீட்டுகிற மாதிரி. உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

நாற்காலியில் யாரும் இல்லை.

குழாயின் நுனியில் மட்டும், கண்ணாடியில் ஊதினால் படியுமே, அப்படி ஒரு ஈரம் படிந்தது. மறைந்தது. படிந்தது.

"அப்பா!"

"பாவம்டா... கொஞ்ச நேரம்..."

இன்வெர்ட்டர் நீளமாக ஒரு கத்தல் கத்தியது.

நின்றது.

மெஷின் நின்றது.

உஸ் இல்லை. டக் இல்லை.

மழை மட்டும்.

பிறகு... மூச்சு.

ஒன்று தாத்தாவுடையது.

இன்னொன்று நாற்காலியிலிருந்து.

மாமா கதவுக்குப் பின்னால் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்தார். அவசரத்துக்கென்று அக்கா வாங்கி வைத்தது. திருகு சாவி கையில் வழுக்கியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை பிடித்தது. காற்று சீறியது. மாஸ்க்கைத் தாத்தா முகத்தில் வைத்து அழுத்தினார். விரலில் மாட்டுகிற மீட்டர் 74 காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இழுப்பா. நல்லா இழு."

76. 79.

நாற்காலியில் அந்த மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கிடைக்காத காற்றை இழுக்கிற மூச்சு.

"ஐயா..." என்றார் மாமா. பேயே இல்லை என்ற மனுஷர், வெறும் நாற்காலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க அப்பாவ விட்டுடுங்கய்யா."

மூச்சு நிற்கவில்லை. சிலிண்டரின் முள் இறங்க ஆரம்பித்தது. இவ்வளவு வேகமாக இறங்கக் கூடாது. அது இரண்டு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாமாவுக்குச் சுருக்கென்று உறைத்தது. பெட்டி! எல்லாவற்றையும் இழுப்பது அதுதான். மாஸ்க்கைத் தாத்தா கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் பாய்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ரீசெட் பட்டன். அழுத்தினால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். விரலை வைத்தார்.

உள்ளறையில் அந்த மூச்சு நின்றது.

செத்த மாதிரி நிற்கவில்லை. பயந்துபோன ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்வாரே, அப்படி.

"டேய்..." தாத்தா மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கத்தினார். "அதை அணைச்சிடாதடா! வேணாம்டா!"

மாமாவின் விரல் பட்டன்மேல் இருந்தது. அந்தப் பக்கம் பெற்ற அப்பா. என்ன செய்வார்? ஆனால் தாத்தா தன்னிடம் அப்படிக் கெஞ்சி மாமா பார்த்ததே இல்லையாம்.

விரலை எடுத்தார்.

"அணைக்கல" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "சத்தியமா அணைக்கல. உங்க பையன்கிட்டயே குடுத்துடறேன். எங்க அப்பாவ விட்டுடுங்க."

நாற்காலியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு.

சிலிண்டரின் முள் அசையாமல் நின்றது. தாத்தாவின் மீட்டர் 85... 88... 91. சிவப்பு விளக்கு மங்கி, ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. தாத்தாவின் மெஷின் மறுபடி பாடத் தொடங்கியது. மாமா தரையில் உட்கார்ந்து, அவரே சொன்னார், குழந்தை மாதிரி அழுதார்.

அக்கா வந்தாள். நடந்ததைக் கேட்டாள். மனக்கணக்கில் இரண்டு மணி நேரப் பாட்டரியையும் தாத்தாவின் மெஷினையும் போட்டு வகுத்துப் பார்த்தாள். விடை வரவில்லை. வழக்கமாக மாமாவைத் திட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்காதவள், அன்று ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போனாள்.

இருட்டுகிற நேரத்துக்கு ரீசெட்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். மாமா கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்க அப்பா எப்படிப் போனார்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"ஆறு மாசம் ஆச்சு. அன்னிக்கும் மழை சார். அப்பாவுக்கும் இதே மாதிரி மெஷின். நான் அந்த ஆட்டத்தோட கடைசி கட்டத்துல இருந்தேன். சின்ன வயசுலேருந்து முடிக்க முடியாத ஆட்டம். மழை வந்தா கரண்ட் போகும், போனா எல்லாம் போச்சு, மொதல்லேருந்து ஆடணும். அதனால..."

"அதனால?"

"பெட்டியையும் டி.வி.யையும் அப்பாவோட இன்வெர்ட்டர்ல சொருகிட்டேன். அரை மணி நேரந்தானேன்னு. காதுல ஹெட்போன். அது கத்தினது கேக்கல. வோல்ட்டு எறங்கி அப்பாவோட மெஷின் முன்னாடியே நின்னுடுச்சு. டி.வி. மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது அணைஞ்சப்பதான் எழுந்து போனேன்."

இந்தப் பெட்டிக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு அது. சேமிக்க முடியாத ஆட்டத்துக்காக ராத்திரி பகலாக டி.வி.யை எரியவிடுகிறவர்களை மாமா நிறையப் பார்த்திருக்கிறார்.

"வீட்டுல யாருக்கும் தெரியாது சார். பாட்டரி பழசுன்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல." அவர் அழுதுகொண்டே கேட்டார். "கட்டில்ல மணி கட்டி வெச்சிருந்தோம். ஹெட்போன் போட்டாலும் அது கேக்கும். கயிறு அவர் கையிலதான் இருந்துச்சு. ஒரு தடவை இழுத்திருந்தா ஓடியிருப்பேன். ஏன் சார் இழுக்கல?"

பதில் உள்ளறையிலிருந்து வந்தது. தாத்தா படுத்தபடியே சொன்னார்.

"இழுக்கத்தான் எடுத்தாராம்பா. இழுத்தா நீ போட்டது போட்டபடி ஓடி வருவ. ஆட்டம் கெட்டுடும். பாவம், இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, முடிச்சிடட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கலாம்னு இருந்தாராம்."

மழை விட்டிருந்தது.

மாமாதான் எழுந்து பெட்டிக்கு ஒயரைக் கொடுத்து டி.வி.யைப் போட்டார். ஏணி. குட்டி மனிதன். ஒரு படி.

"உக்காருங்க. முடிச்சிடுங்க" என்றார். "அதுக்குத்தான் அவர் இன்னும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். முடிச்சா போயிடுவார்."

ரீசெட்காரர் உட்கார்ந்தார். விரலைக் கீபோர்டுமேல் வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"போயிடுவாரா சார்?"

"போயிடுவார்."

விரலை எடுத்துவிட்டார். ஒயர்களை அவரே கழற்றினார். கார்டையும் மெமரியையும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தெருவில் இறங்கி நடந்தார். துண்டுக்குள் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் திருப்பம் வரைக்கும் தெரிந்ததாக மாமா சொன்னார். மறுநாள் முதல் தாத்தாவும் யார் வந்திருக்கா என்று கேட்கவில்லை. பட்டறை சப்ளை வெறும் ஒயருக்குப் பூஜ்யம் காட்டியது.

இதோடு முடிந்திருந்தால் மாமா என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டார்.

இரண்டு மாசம் கழித்து ஒரு போன். ரீசெட்காரரின் மனைவி.

"சார், உங்க வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கீங்கன்னு இவர் சொன்னார். அதான் உங்களக் கேக்கலாம்னு. இவர் புதுசா ஒண்ணு வாங்கி மாமனார் ரூம்ல வெச்சிருக்கார். பழைய மெஷினக் குடுத்தாச்சு, மாமனாரே இல்ல, இப்ப எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறார். தலகாணிமேல கொழாய வெச்சிட்டு, கதவச் சாத்திட்டு வந்துடறார். ராத்திரி பகலா ஓடுது. போகட்டும், அவர் மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன்."

"சரிம்மா. இப்ப என்ன பிரச்சன?"

"மெஷின் ரிப்பேர்னு நெனக்கறேன் சார். இது சின்ன மாடல். மூச்ச உள்ள இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜன் விடற வகையாம். மூக்குல மாட்டாம சும்மா வெச்சா, மூச்சு இல்லன்னு ஒரு நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சிடும்னு கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தார்."

மாமாவின் கை போனில் இறுகியது.

"ரெண்டு மாசமா ஓடுது, அந்த ரூம்ல யாரும் இல்ல சார். ஒரு தடவகூட கத்தல. விட்டு விட்டு ஆக்சிஜன் விட்டுக்கிட்டே இருக்கு. கெட்டுப்போச்சா சார்?"



"இல்லம்மா" என்றார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு."